விலையே பெயரான கார்: டாடா நானோ, ஒரு நிகழ்வு ஆய்வு

2011ஆம் ஆண்டு ஐப்பசியில், கரூரில் நடந்த ஒரு திருமணத்துக்கு என் சித்தப்பா புதுக் காரில் வந்து இறங்கினார். வெள்ளி நிற நானோ, எல்எக்ஸ் மாடல். ஏ.சி. உண்டு, முன்கதவுகளுக்கு பவர் விண்டோ உண்டு, சென்ட்ரல் லாக்கிங் உண்டு. பள்ளி ஆசிரியரான அவர் பி.எஃப். பணத்தில் கொஞ்சமும் கூட்டுறவு நாணயச் சங்கத்தில் கொஞ்சமும் எடுத்து வாங்கியது. மண்டப வாசலில் பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார். கதவை ஒருமுறை திறந்து மூடினார். “ஒரு லட்சத்துக்கு இந்த அளவு கொடுக்கிறானே, பரவாயில்லை மாப்பிள்ளை” என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். சித்தப்பா, “ஆமாம் மாமா” என்று சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்த சித்தப்பா, ரசம் வரும் வரை பேசவில்லை. பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி, “இரண்டு லட்சத்துப் பதினைந்தாயிரம் கொடுத்திருக்கிறேன்” என்றார்.

கார் வாங்குகிறவன் உண்மையில் செலவழித்ததைவிட ஊர் கொஞ்சம் கூட்டித்தான் நினைத்துக்கொள்ளும். அந்தக் கூடுதல் மதிப்பும் சேர்ந்துதான் காரின் பயன். சித்தப்பாவுக்கு நேர்ந்தது தலைகீழ். கொடுத்த பணத்தில் பாதிக்குத்தான் ஊர் வரவு வைத்தது. இந்த ஆய்வில் நான் சொல்ல வருவது இதைத்தான்: நானோவின் குறைந்த விலை காரை விற்க உதவவில்லை; அந்த விலை எல்லாருக்கும் தெரிந்திருந்தது காரை விற்கவிடவில்லை.

காருக்கு முன்னே பிறந்த விலை

2003 ஜெனீவா கார் கண்காட்சியில் பத்திரிகை நேர்காணல் ஒன்றில், ரத்தன் டாடா தான் நினைத்திருக்கும் சிறிய காரைப் பற்றிப் பேசியபோது ஏறத்தாழ ஒரு லட்ச ரூபாய் என்ற தொகை வந்தது. செய்தி அந்தத் தொகையைத் தலைப்பில் தூக்கி வைத்தது. மறுப்பு அனுப்பியிருக்கலாம். அவர் அதையே இலக்காக வைத்துக்கொண்டார். இந்தக் கதையை அவரே பின்னர் சொல்லியிருக்கிறார். ஆக, காருக்கு எஞ்சின் எங்கே வைப்பது என்று முடிவாகும் முன்பே விலை முடிவாகிவிட்டது.

அவர் சொன்ன இன்னொரு கதையும் உண்டு. மழையில் நனைந்துகொண்டு ஸ்கூட்டரில் போகும் குடும்பம்: அப்பா ஓட்டுகிறார், முன்னால் ஒரு பிள்ளை நிற்கிறது, பின்னால் அம்மா மடியில் இன்னொரு பிள்ளை. அவர்களுக்கு நனையாத, பாதுகாப்பான ஒரு வண்டி வேண்டும் என்பதே திட்டத்தின் வேர். ஸ்கூட்டர் குடும்பத்தின் கதையில் கார் ஓர் உயர்வு. ஒரு லட்சத்தின் கதையில் அதே கார் ஒரு மலிவு. 2008 ஜனவரி 10 அன்று டெல்லி பிரகதி மைதானத்தில் மேடைக்கு வந்த காரைப் பார்த்துவிட்டு உலகப் பத்திரிகைகள் எழுதியது இரண்டாவது கதையைத்தான். உலகின் மிக மலிவான கார். இத்தனைக்கும் அது விளம்பரத்துக்குக் காசு கொடுத்து வாங்கிய வாசகம் இல்லை, இலவசமாகக் கிடைத்தது. இலவசமாகக் கிடைத்ததை நிறுவனமும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பிறகு சிங்கூர் வந்தது. மேற்கு வங்கத்தில் ஆலைக்காகக் கையகப்படுத்திய 997 ஏக்கர் நிலத்தை எதிர்த்து எழுந்த போராட்டம், மம்தா பானர்ஜியின் தலைமையில் பெரிதாகி, 2008 அக்டோபர் 3 அன்று டாடா வெளியேறுவதாக அறிவித்ததில் முடிந்தது. ஆலை குஜராத்தின் சானந்துக்குப் போனது. அது தயாராகும் வரை உத்தராகண்ட் மாநிலம் பந்த்நகரில் கொஞ்சம் கொஞ்சமாக வண்டி செய்தார்கள். ஊர் முழுக்க ஆசையைக் கிளப்பிவிட்டு வண்டியைக் கையில் கொடுக்க முடியாமல் போன மாதங்கள் அவை.

2009 மார்ச் 23 அன்று மும்பையில் விற்பனை அறிவிப்பு வந்தது. ஒரு லட்சம் என்பது வரியும் போக்குவரத்துச் செலவும் சேராத விலை. டெல்லி எக்ஸ் ஷோரூம் விலையாக அது 1.23 லட்சத்தில் தொடங்கி, எல்எக்ஸ் மாடலுக்கு 1.72 லட்சம் வரை போனது. அதற்கு மேல் பதிவு, காப்பீடு.

அந்த ஏப்ரலில் இரண்டே வாரங்களுக்குச் சற்றுக் கூடுதலாகத் திறந்திருந்த முன்பதிவில் 2,06,703 பேர் பணம் கட்டினார்கள். அவர்களில் ஒரு லட்சம் பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தார்கள். பத்திரிகைகள் எல்லாம் இரண்டு லட்சம் என்ற எண்ணைக் கொண்டாடின. எனக்கு அதன் உள்கணக்குதான் முக்கியமாகப் படுகிறது. முன்பதிவு செய்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் கேட்டது மிக உயர்ந்த எல்எக்ஸ் மாடல். 30 சதவீதம் பேர் நடு மாடலான சிஎக்ஸ். எந்த மாடலின் விலையை வைத்து உலகமே பேசியதோ, அதைக் கேட்டவர்கள் ஐந்தில் ஒருவர்தான்.

மலிவுக்காக மட்டும் கூடிய கூட்டமாக இருந்திருந்தால் இந்தக் கணக்கு வராது. வாசலில் எழுதியிருந்த விலையைப் பார்த்து உள்ளே வந்தவர்கள், உள்ளே வந்ததும் அந்த விலையிலிருந்து முடிந்தவரை தள்ளி நிற்கப் பார்த்திருக்கிறார்கள். அறிவித்த விலை ஆளைக் கூட்டும், ஆனால் அந்த விலைக்காரன் என்று அறியப்பட ஆளுக்கு விருப்பம் இருக்காது என்பதை நிறுவனம் முதல் மாதத்திலேயே தன் பதிவேட்டில் வைத்திருந்தது.

பெட்ரோல் பங்க்கில்

சித்தப்பாவோடு அந்த வண்டியில் நிறையப் போயிருக்கிறேன். உள்ளே இடம் தாராளம். 3.1 மீட்டர் நீளமே உள்ள காருக்குள் அவ்வளவு இடம் எப்படி வந்தது என்று இன்றும் வியப்பேன். எஞ்சினைப் பின்சீட்டுக்கு அடியில் தள்ளி, சக்கரங்களை நான்கு மூலைக்கு ஒதுக்கியதால் வந்த இடம் அது. உயரமான இருக்கை என்பதால் முட்டி வலிக்கும் பாட்டிகூட யார் கையையும் பிடிக்காமல் ஏறுவார். சந்தில் திருப்ப ஆட்டோவுக்குத் தேவைப்படும் இடமே போதும்.

ஆனால் பெட்ரோல் போட வேண்டுமென்றால் பானெட்டைத் திறக்க வேண்டும். டேங்க்கின் மூடி முன்பக்க மூடிக்கு உள்ளே இருந்தது. பங்க்கில் பையன் பின்பக்கம் போய் மூடியைத் தேடுவான். சித்தப்பா இறங்கி முன்னால் வந்து பானெட்டைத் தூக்குவார். பக்கத்து வரிசையில் நிற்பவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்டெப்னி இருக்கும். பெட்டி வைக்க வேண்டுமென்றால் பின்கதவு திறக்காது. பின்சீட்டை மடக்கி, பக்கவாட்டுக் கதவு வழியாகப் பெட்டியை உள்ளே செருக வேண்டும். முன்கண்ணாடிக்கு ஒரே வைப்பர். சக்கரத்துக்கு மூன்றே நட்டு.

இவற்றில் பாதிக்கு மேல் நல்ல பொறியியல். 623 சிசி, இரண்டு சிலிண்டர் எஞ்சின் உள்ள 600 கிலோ வண்டிக்கு நான்காவது நட்டு தேவையில்லை. பெரிய ஒற்றை வைப்பர் கண்ணாடியை நன்றாகவே துடைக்கும். ஆனால் விலையைத் தெரிந்துகொண்டு பார்க்கிறவன் கண்ணுக்கு ஒவ்வொன்றும் மிச்சம் பிடித்ததாகத் தெரிந்தது. வேறு காரில் இருந்தால் வடிவமைப்பு என்போம். இதில் ‘அந்தக் காசுக்கு அவ்வளவுதான்’ என்றோம்.

இது என் ஊகம் மட்டும் இல்லை என்பதற்கு, நமக்குப் பக்கத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. அது ஒரகடம் கார் ஆலையின் கதை; அதைப் பின்னால் சொல்கிறேன்.

நெருப்பும் தங்கமும்

2010 மார்ச்சில், மும்பையில் ஷோரூமிலிருந்து வீட்டுக்கு எடுத்துப் போன புது நானோ ஒன்று வழியிலேயே தீப்பிடித்தது. அதைப் போல வேறு சில நிகழ்வுகளும் வந்தன. நிறுவனம் அதே ஆண்டின் இறுதியில் கூடுதல் பாதுகாப்புப் பாகங்களை இலவசமாகப் பொருத்தித் தந்தது. உத்தரவாதக் காலத்தை நான்கு ஆண்டுகளாக நீட்டியது. அதற்குள் சேதம் முடிந்துவிட்டது. 2010 ஜூலையில் ஒன்பதாயிரம் வண்டிகள் விற்ற நானோ, நவம்பரில் 509 மட்டுமே விற்றது.

மற்ற கார்களும் தீப்பிடித்திருக்கின்றன. அப்போதெல்லாம் மக்கள் காரணம் கேட்பார்கள்: ஒயரா, கேஸ் கிட்டா, வெளியில் போய் மாட்டிய ஸ்டீரியோவா? நானோ எரிந்தபோது யாரும் காரணம் கேட்கவில்லை. காரணம் விலைப் பட்டியலிலேயே இருந்தது. 2014 ஜனவரியில், கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியக் கார்களை மோதிப் பார்த்தபோதும் இதே கதைதான். நானோவோடு சேர்த்து ஆல்டோ 800, ஐ10, ஃபிகோ, போலோ என்று ஐந்து கார்களின் காற்றுப்பை இல்லாத அடிப்படை மாடல்களுமே பூஜ்ய நட்சத்திரம் வாங்கின. மற்ற நான்குக்கும் அது செய்தி. நானோவுக்கு அது முன்பே தெரிந்த விஷயம்.

நடுவில் ஒரு விசித்திரம். 2011 செப்டம்பரில் டாடா குழுமத்தின் டைட்டன் நிறுவனத்தின் நகைக்கடைப் பிரிவான கோல்டுபிளஸ், ஒரு நானோவுக்கு 80 கிலோ தங்கமும் 15 கிலோ வெள்ளியும் நவரத்தினங்களும் பூட்டி ஊர் ஊராகக் காட்சிக்கு வைத்தது. மதிப்பு 22 கோடி ரூபாய். இந்திய நகைக் கலையைக் கொண்டாடுவது நோக்கம் என்றார்கள். எனக்கு அது வேறு மாதிரித் தெரிந்தது. நாட்டில் எந்தக் காருக்கு நகை போட்டால் சிரிப்பு வருமோ அந்தக் காரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். முரண் வேலை செய்ய வேண்டுமென்றால் உள்ளே இருப்பது மலிவானது என்று எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டுமே. சொந்தக் குழுமமே அதை ஒப்புக்கொண்டு அரங்கேற்றியது.

நியாயமாக, பழி முழுவதையும் விலையின் தலையில் போடக் கூடாது. சிங்கூர் தாமதம் உண்மை. முதல்முறை கார் வாங்குகிறவருக்கு வங்கிக் கடன் எளிதாகக் கிடைக்கவில்லை. ஸ்கூட்டரில் வந்து இறங்குகிறவர் நுழையத் தயங்கும் கண்ணாடி ஷோரூமில்தான் வண்டி நின்றது. இன்னும் கொஞ்சம் போட்டால் ஆல்டோ என்ற கணக்கும் எப்போதும் பக்கத்திலேயே இருந்தது. ஆனால் அந்தக் கடைசிக் கணக்கையும் பாருங்கள். மாதத் தவணையில் கொஞ்சம் கூட்டினால் ஒருவர் ‘ஒரு லட்சம்’ என்ற பேச்சிலிருந்து தப்பித்துவிடலாம். ஆல்டோ விற்றது அந்தத் தப்பித்தலையும் சேர்த்துத்தான்.

ஒரகடத்தின் இரட்டையர்

2015 செப்டம்பரில் ரெனோ நிறுவனம் க்விட் காரை 2.57 லட்சத்துக்கு இறக்கியது. காஞ்சிபுரம் மாவட்டம் ஒரகடத்தில், ரெனோ-நிஸான் கூட்டு ஆலையில் செய்த கார். அதன் முன்கண்ணாடிக்கு ஒரே வைப்பர். சக்கரத்துக்கு மூன்றே நட்டு. நானோவைக் கேலி செய்ய எந்த இரண்டையும் எடுத்துக்கொண்டார்களோ, அதே இரண்டு. க்விட்டில் அதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்தார்கள்? பார்க்க விடாதபடி வேறு காட்சிகள் இருந்தன: எஸ்யூவி போல நிமிர்ந்த மூக்கு, 180 மில்லிமீட்டர் தரை இடைவெளி, உயர்ந்த மாடலில் ஏழு அங்குலத் தொடுதிரை. விலை விளம்பரத்தில் இருந்தது, ஆனால் கடைசி வரியில். சில மாதங்களிலேயே ஒரு லட்சம் முன்பதிவைத் தாண்டியது.

மறு ஆண்டு ஜூனில், அதே ஆலையில், அதே அடித்தளத்தில், அதே 799 சிசி எஞ்சினோடு டட்சன் ரெடி-கோ வந்தது. விலை 2.39 லட்சம், க்விட்டைவிடக் குறைவு. பொருளாதாரப் பாடப்புத்தகப்படி இது அதிகம் விற்றிருக்க வேண்டும். அப்படி நடக்கவே இல்லை. டட்சன் என்ற பெயரையே நிஸான் குறைந்த விலைக்கென்று தனியாக ஒதுக்கி உயிர்ப்பித்திருந்தது. 2014இல் வந்த முதல் காரான டட்சன் ‘கோ’ (Go) காரிலேயே ரேடியோ இருக்க வேண்டிய இடத்தில் போனை மாட்டும் தாங்கி மட்டும் இருந்தது. பெயரைக் கேட்டதுமே நிஸானில் குறைந்தது என்று புரிந்துவிடும். எஞ்சின் ஒன்று, ஆலை ஒன்று. ஒன்றுக்கு விலை தகவல், மற்றொன்றுக்கு விலையே அடையாளம். 2022 ஏப்ரலில் டட்சனை இந்தியாவில் மூடிவிட்டார்கள்.

மலிவு என்று சொன்னாலே கார் விற்காது என்று இதை வைத்து முடிவு கட்டவும் முடியாது. ஐரோப்பாவில் டாசியா என்ற கார் நிறுவனம் இருக்கிறது. ருமேனியாவில் 2004இல் 5,000 யூரோ இலக்கோடு பிறந்த லோகன் காரும், அதன் தம்பி சாண்டெரோவும் விலையை மறைக்கவே இல்லை. ஜெர்மனியில், அந்தஸ்துச் சின்னம் தேவைப்படாதவர்களுக்கான அந்தஸ்துச் சின்னம் என்று விளம்பரம் செய்தார்கள். 2013இல் பிரிட்டனில் 5,995 பவுண்டுக்கு வந்த அடிப்படை சாண்டெரோவில் ரேடியோகூடக் கிடையாது, பம்பருக்கு வண்ணமும் கிடையாது. அதுவே பெருமையாகப் பேசப்பட்டது. 2024இல் ஐரோப்பாவில் மிக அதிகம் விற்ற கார் சாண்டெரோதான்.

அங்கே ஏன் ஒட்டவில்லை அந்தக் கறை? வாங்குகிறவரின் வீட்டில் ஏற்கெனவே கார் இருந்திருக்கும், அப்பா வீட்டிலும் இருந்திருக்கும். நினைத்தால் விலை கூடியதை வாங்கக் கூடியவர் குறைந்ததை வாங்கினால் கெட்டிக்காரர். முதல் காரை வாங்குகிறவர் குறைந்ததை வாங்கினால் அதற்கு மேல் முடியவில்லை என்று பொருள். கரூர் மண்டபத்தின் பெரியவர் அளந்தது வண்டியை இல்லை, சித்தப்பாவின் எல்லையை. அமெரிக்காவில் யூகோ என்ற யூகோஸ்லாவியக் காருக்கு 1985இல் 3,990 டாலர் என்ற விலையே விளம்பரமாகி, பிறகு அதுவே நகைச்சுவையானதும் உண்டு. யூகோவின் மதிப்பை இரட்டிப்பாக்குவது எப்படி, டேங்க்கை நிரப்பினால் போதும் என்பார்கள். ஆக வீட்டுக்கு வீடு கார் இருந்தாலும் தரம் கைவிட்டால் விலையைப் பிடித்துத்தான் அடிப்பார்கள்.

நம் ஊரிலேயே மாருதி 800 இருந்ததே என்று கேட்கலாம். 1983 டிசம்பரில் சுமார் 47,500 ரூபாய்க்கு வந்ததும் மக்கள் கார்தான். ஆனால் அம்பாசடருக்கும் பத்மினிக்கும் பக்கத்தில் அது ஜப்பான் சரக்கு. காத்திருப்புப் பட்டியல் நீளமாக இருந்ததால் ஒதுக்கீட்டுக் கடிதத்துக்கே மேல்தொகை கிடைத்தது. விலைக்கு மேல் கொடுத்து வாங்கும் பொருளை யார் மலிவு என்பார்கள்?

துடைத்தும் போகாதது

2014 ஜனவரியில் நானோ ட்விஸ்ட் வந்தது, பவர் ஸ்டீயரிங்கோடு. 2015 மே மாதம் ஜென்எக்ஸ் வந்தது. பின்கதவு திறந்தது, டேங்க் 15 லிட்டரிலிருந்து 24 லிட்டர் ஆனது, உயர்ந்த மாடலில் கிளட்ச் இல்லாத கியர். விலை 1.99 லட்சத்திலிருந்து 2.89 லட்சம். சொல்லப்பட்ட குறைகள் ஏறக்குறைய எல்லாமே தீர்ந்திருந்தன. இப்போது பழைய எண் மறுபக்கத்திலிருந்து கடித்தது. ‘ஒரு லட்சம் கார் மூன்று லட்சமா?’ முன்பு மலிவு என்று ஒதுக்கியவர்களே இப்போது விலை கூடுதல் என்றார்கள். சொன்ன விலையை விட்டு ஏறினால் ஏமாற்று, ஏறாவிட்டால் ஏழ்மை. இரண்டுக்கும் நடுவே நிற்க இடமில்லை.

மலிவான கார் என்ற பெயரை மக்கள் மட்டும் வைக்கவில்லை, நிறுவனமும் விற்பனையின்போது அப்படித்தான் பேசியது, அது வருந்தத்தக்கது என்று ரத்தன் டாடா 2013இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் ஒப்புக்கொண்டார். இருசக்கர வாகனக் குடும்பத்துக்கான பாதுகாப்பான வண்டி என்றுதான் முன்வைத்திருக்க வேண்டும் என்றார். ஸ்கூட்டர் கதைக்கே திரும்பி வந்தார், பத்தாண்டு கழித்து.

ஆண்டுக்கு இரண்டரை லட்சம் வண்டிகள் செய்யக் கட்டிய சானந்து ஆலையில், 2018 ஜூனில் ஒரே ஒரு நானோ செய்தார்கள்.

தொழில்துறை இதிலிருந்து ஒன்றைப் பிடித்துக்கொண்டது. இன்று நம் ஊரில் அநேகமாக எந்த நிறுவனமும் காரை மலிவு என்று சொல்லி விற்பதில்லை. ஆரம்ப விலை என்று ஓரத்தில் ஓர் எண், அதன் தலையில் ஒரு நட்சத்திரக் குறி, படத்தில் நிற்பதோ உச்ச மாடல். ஷோரூமில் அந்த ஆரம்ப விலை மாடலைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் அது அங்கே நிற்காது. வாங்கிய அடிப்படை மாடலின் பின்னால் உயர்ந்த மாடலின் எழுத்துச் சின்னத்தை வாங்கி ஒட்டிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைப் பக்கம் போனால் அந்த வியாபாரத்தின் வாசனை தெரியும்.

சித்தப்பா அந்த நானோவை ஏழு வருடம் ஓட்டினார். பெரிதாக ஒரு தொல்லையும் தரவில்லை என்பார். 2022 மே மாதம், ரத்தன் டாடா மும்பை தாஜ் ஹோட்டலுக்கு வெள்ளை நானோ ஒன்றில், மெய்க்காப்பாளர் யாரும் இல்லாமல் வந்து இறங்கும் காணொளி வாட்ஸ்அப்பில் சுற்றியது. எவ்வளவு எளிமை என்று நாடே உருகியது. சித்தப்பாவும் எனக்கு அதை அனுப்பியிருந்தார். கீழே ஒரே வரி: “பார்த்தாயா, இவரிடம் யாரும் விலையைச் சொல்லவில்லை.”